காசநோய்த் தடுப்பும் பொதுப்பணமும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காசநோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் தெரிவித்தபோது விழாக் குழுவினர் சற்றே தயங்கினர். "நல்ல நாளும் அதுவுமாக நோயின் பெயரை எடுப்பானேன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்னும் கணக்கு இம்மலரில் இடம்பெறுகிறது. அது நாம் பெருமை கொள்ளத்தக்க கணக்கு. ஆனால் பாதியில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் கணக்கு எந்த மலரிலும் இல்லை. அவர்களுள் சிலர் படிப்பு ஏறாமல் நின்றவர்கள் அல்லர். தந்தையின் இருமலால் நின்றவர்கள். அப்படி நின்ற ஒருவன் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். என் சிறிய தந்தையாரின் மகன்.

என் சிறிய தந்தையாரை நாங்கள் சின்னையா என்றே அழைப்போம். பஞ்சுக் கழிவுக் கிடங்கு ஒன்றில் கூலி வேலை செய்துவந்தார். 1984-ஆம் ஆண்டில் அவருக்கு இருமல் கண்டது. பஞ்சுத் தூசி என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தே நான்கு மாதங்கள் கழிந்தன. சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றார். நோய் இன்னதென்று தெரிந்தது, மருந்தும் கொடுத்தார்கள், ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் மருந்து வாங்கப் போகும் ஒவ்வொரு நாளும் பேருந்துக் கட்டணம் கையை விட்டுப் போயிற்று. அன்றைய கூலியும் போயிற்று. மூன்றாம் மாதத்தில் இருமல் தணிந்தது. உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்தினார். அக்காலத்தில் ஓராண்டுக்கு மேலாக உண்ண வேண்டிய மருந்து அது. தணிந்த நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. அடுத்த ஆண்டு பொங்கலின்போது அவர் இல்லை. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகன் அவருடைய இடத்துக்கு வேலைக்குப் போனான்.

இன்னொன்றையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் ஓர் அலுமினியத் தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது சின்னையாவுக்கு உரியது. வேறு எவரும் அதைத் தொடமாட்டோம். தேநீர்க் கடையில் நமக்கென வைத்திருந்த தனிக் குவளையை வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்த மனிதருக்கு, அவருடைய சொந்த வீட்டிலேயே நாங்கள் தனிக் குவளை வைத்தோம். அறியாமையால் செய்தோம். ஆயினும் அதை நினைக்கும்போது இன்றும் என் மனம் குறுகுகிறது.

தோழர்களே, காசநோய் தம்ளரால் பரவுவதன்று, தட்டால் பரவுவதன்று, தொடுவதால் பரவுவதன்று. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்கிருமியால் பரவுவது. காற்றோட்டம் இல்லாத சிறு அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் எளிதாகப் பரவுகிறது. வயிறாரச் சோறில்லாத உடம்பில் எளிதாக வேர்கொள்கிறது. இதைப் பரம்பரை நோய் என்று சொல்வது பிழை. ஒரு தெருவில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் காணப்படுமானால், தலைமுறை தலைமுறையாக வந்தவை நெருக்கமும் வறுமையுமே அன்றி இரத்தத்தில் உள்ள குற்றமன்று. இந்தக் கிருமியைக் கண்டறிந்த செய்தியை இராபர்ட் காக் என்னும் அறிஞர் பெர்லின் நகரில் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாள். காரணம் தெரிந்து ஒன்றரை நூற்றாண்டை நெருங்குகிறோம். மருந்து கிடைத்தும் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காசநோய் காண்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர்கள். நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் இந்நோயால் இறக்கிறார்கள். மருந்தில்லாமல் இறந்த காலம் போய், மருந்து இருக்கும்போதே இறக்கிற காலம் இது. இதற்கு விடையை மருத்துவ நூலில் மட்டும் தேடினால் போதாது. வரவு செலவுக் கணக்கிலும் தேட வேண்டும்.

இது தொடர்பாக நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வரலாற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் காசநோய்க்கு மருத்துவம் என்றால், ஊருக்கு வெளியே நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் தரும் நோய்நல விடுதியில் மாதக்கணக்கில் படுத்திருப்பது என்றே பொருள். தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டில் சௌரி முத்து என்னும் மருத்துவர் அத்தகைய விடுதி ஒன்றைத் தொடங்கினார். ஆனால் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம்; கட்டில்களோ சில ஆயிரம். இந்நிலையில், 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நிறுவியது அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் அது இயங்குகிறது.

அங்கே ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. ஏழை நோயாளி தன் குடிசையிலேயே இருந்து மருந்துண்டால் குணமடைவாரா? சென்னையின் எளிய மக்கள் வாழும் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைப் பாகுபாடின்றி இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் விடுதியில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தோரும் விடுதியில் இருந்தோருக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தனர். வீட்டில் மருத்துவம் பெற்றதால் குடும்பத்தினருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. இந்தியா 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு இவ்வாய்வும் ஓர் அடித்தளம். உலக நாடுகள் பலவும் வீட்டு மருத்துவ முறையை மேற்கொள்ள இது வழி காட்டியது. சென்னையின் குடிசைவாழ் மக்கள் தம் உடம்பைக் கொடுத்து உலகுக்குக் கற்பித்த பாடம் இது. இதைப் பெருமையோடு நினைவுகூர வேண்டியவர்கள் நாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்; நல்லதே. கட்டிலுக்கும் உணவுக்கும் ஆகும் செலவு அரசுக்கு மிச்சமாயிற்று, அதுவும் நல்லதே. ஆனால் அந்த மிச்சம் நோயாளியோடு வீட்டுக்கு வந்ததா? மருந்து மட்டும் வந்தது. விடுதியில் கிடைத்திருக்கக்கூடிய பாலும் பயறும் வரவில்லை. வேலைக்குப் போகாத நாளின் கூலிக்கு ஈடு வரவில்லை. பேருந்துக் கட்டணம் வரவில்லை. அந்தச் செலவுகளெல்லாம் அரசின் கணக்கிலிருந்து நோயாளியின் மடிக்கு மாறின. என் சின்னையாவின் மடியில் அதற்கு இடம் இருக்கவில்லை. மருந்து இலவசம், மருந்துக்குப் போகும் வழி இலவசமன்று என்பதை அவருடைய சாவிலிருந்து நான் கற்றேன்.

நோயாளியின் உணவுக்கென நாடு முழுவதும் மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் தொடங்கியது. 1959-க்கும் 2018-க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆயிற்று. ஆறு மாத மருத்துவத்துக்கு 6000 ரூபாய். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 33 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் அதுவும் வங்கிக் கணக்கு சரியாக இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே வந்து சேரும்.

உணவுக்குச் செலவிடுவது தருமம் என்று சிலர் எண்ணலாம். அது மருத்துவமே என்பதை அண்மையில் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளில், அவர்களோடு வாழும் 10,345 பேரை ஆராய்ந்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவு வீடுகளில் மட்டும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாக வழங்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகை 48 விழுக்காடு குறைந்தது. 1959-இன் பாடம், நல்ல மருந்து இருந்தால் ஏழையும் குணமடைவார் என்பது. 2023-இன் பாடம், வயிறு நிறைந்தால் அவர் மனைவி மக்களுக்கு நோயே வராமல் பெருமளவு தடுக்கலாம் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. முதற்பாடத்தை அரசு விரைந்து கற்றது. இரண்டாம் பாடத்தை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

தமிழ்நாடு மற்றொரு நற்செயலையும் செய்துள்ளது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்பது 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நோய் கண்ட அன்றே நோயாளியின் உயரத்தையும் எடையையும் அளக்கிறார்கள். கால்களில் வீக்கம் உண்டா, மூச்சு எப்படி, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிகவும் நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் கட்டில் தேவையில்லை. ஆனால் எவருக்குக் கட்டில் தேவையோ அவருக்கு அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். இதற்கு வேண்டிய கருவிகள் எடை பார்க்கும் பொறியும் விரலில் மாட்டும் சிறு கருவியும் போன்றவைதாம். பெரும்பணம் இல்லாமலும் உயிர் காக்கலாம். ஆனால் பணம் உரிய இடத்தில் உரிய நாளில் இருக்க வேண்டும்.

நம் ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். தேவதானம் என்றால் என்ன பொருள்? ஒரு நிலத்தின் வருவாயைக் கோயிலுக்கென ஒதுக்கி வைப்பதற்குப் பெயர் தேவதானம். இன்னது இன்ன செலவுக்கு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலைக்கு வைத்தியருக்கும் பணியாளருக்கும் மருந்துக்கும் என்னென்ன ஒதுக்கப்பட்டன என்று பட்டியலிடுகிறது. அந்த ஒதுக்கீடுகளில் நம் முன்னோர் கேட்கும் இடத்தில் இருந்ததில்லை. உழைக்கும் இடத்தில் மட்டுமே இருந்தார்கள். இன்று நிலை வேறு. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் பொதுநலத்தையும் உயர்த்துவது அரசின் கடமை என்கிறது. அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர் அண்ணல் அம்பேத்கர், முதலில் யாராகக் கற்றார்? பொதுநிதி அறிஞராக. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வு 1925-இல் நூலாக வெளிவந்தது. வரிப்பணம் எங்கே சேர்கிறது, யாருக்குப் பங்கிடப்படுகிறது என்று ஆராய்ந்தவர் அவர். அவருடைய படத்துக்கு மாலையிடும் நாம், அவர் கற்ற அந்தக் கணக்கையும் கற்க வேண்டாமா?

ஆகவே காசநோய்க்கான பணம் எவ்வழியாக வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, தேசிய நலவாழ்வு இயக்கம். இதன் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்னும் அளவில் ஏற்கின்றன. காசநோய் மருந்தைப் பெரும்பாலும் ஒன்றிய அரசே கொள்முதல் செய்து அனுப்புகிறது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மூன்று மாதங்களுக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. காசநோய் மருந்து ஒரு வாரம் நின்றாலும் தீங்கு. கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். எனவே கையிருப்பு எத்தனை மாதத்துக்கு உள்ளது என்று கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, உள்ளாட்சி. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் நலவாழ்வும் துப்புரவும், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஊராட்சிக்குரிய பொருள்களாகச் சொல்லப்பட்டுள்ளன. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாக நலவாழ்வுக்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. மூன்றாவது, கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு. இதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதி உண்டு. நலிந்த நோயாளியை வண்டி வைத்து அழைத்துச் செல்வது போன்ற உடனடித் தேவைக்குக் கேட்க வேண்டிய இடம் இது. நான்காவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான தனி ஒதுக்கீடு. இதற்கெனத் தமிழ்நாடு 2024-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. நம் பெயரால் ஒதுக்கப்படும் பணத்தில் நம் தெருவின் காற்றோட்டமான வீட்டுக்கும் நோய் தடுப்புக்கும் எவ்வளவு என்று கேட்பது தவறாகுமா? மேலும், நம் விருதுநகர் மாவட்டம் 2018 முதல் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்று. அத்திட்டத்தின் அளவுகோல்களில் காசநோயாளிகளைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் அடங்கும். ஆகவே, மாவட்ட ஆட்சியரிடம் இதைப் பற்றிக் கேட்பது அவர் கடமையை நினைவூட்டுவதே ஆகும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காசநோய் இல்லாத ஊராட்சி என்னும் சான்று வழங்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஒருவருக்கு மிகாமல் நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஆனால் அதற்கு முன்னதாக, ஆயிரம் பேருக்கு 30 பேருக்குக் குறையாமல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. பத்தாயிரம் பேர் வாழும் ஊராட்சியானால் ஆண்டுக்கு 300 பரிசோதனை. தேடாத ஊரில் நோயாளி கிடைக்கமாட்டார். அந்த 300 பரிசோதனையில் நம் குடியிருப்பில் எத்தனை என்று கேளுங்கள். ஊரின் நடுத்தெருவில் மட்டும் நடந்த பரிசோதனை ஊர்ப் பரிசோதனை ஆகாது. 2025-க்குள் நாட்டில் காசநோயை ஒழிப்போம் என்று உறுதி கூறப்பட்டது. ஆண்டு கடந்துவிட்டது. இலட்சம் பேருக்கு 2015-இல் 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024-இல் 187 ஆகக் குறைந்தனர் என்பது உலக நல நிறுவனத்தின் மதிப்பீடு. குறைந்தது உண்மை, ஒழியவில்லை என்பதும் உண்மை.

இனி, இளைஞர்களே, நம் கழகம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ உள்ளவரைத் தூசி என்றும் புகை என்றும் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பஞ்சாலையிலும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியிலும் வேலை செய்வோருக்கு இது மிகவும் தேவை. நோய் உறுதியான வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் துணை நிற்கட்டும். வங்கிக் கணக்கை இணைப்பது, உதவித்தொகை வந்ததா என்று பார்ப்பது, வராவிட்டால் மனு எழுதுவது ஆகியவை அவர் பணி. நோயாளியின் பெயரை ஊரில் பரப்பாமல் காப்பதும் அவர் பணியே.

மூன்றாவது, கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் சபைக்கு நாம் கும்பலாகப் போய்க் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். இனி ஒரு தாளோடு போவோம். அதில் நான்கு கேள்விகள் போதும். சென்ற ஆண்டு எத்தனை பேருக்குப் பரிசோதனை, நம் தெருவில் எத்தனை? உதவித்தொகை எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை? சுகாதாரக் குழுவின் பணம் எதற்குச் செலவாயிற்று? வரும் ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் நோயாளிகளின் பயணத்துக்கும் உணவுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படும்? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இவற்றோடு, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு எந்த அரசின் பணமும் வேண்டியதில்லை. நோயுற்றவருக்குத் தனித் தம்ளர் வைக்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். மருந்தை நாள் தவறாமல் கொடுங்கள். அவர் அருகில் அமர்ந்து உண்ணுங்கள்.

என் சின்னையாவின் மகன் இன்று இக்கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவனுடைய பேத்தி இவ்வாண்டு நம் கழகத்தின் உதவியால் கல்லூரிக்குச் செல்கிறாள். வணிகவியல் எடுத்திருக்கிறாளாம். கணக்கு அந்தக் குடும்பத்துக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த கிராம சபையில் அந்தத் தாளை அவளே எடுத்துச் சென்று வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.